வெறும் வெளிச்சம்

லாய்ட் கேட்ட தொகையைக் கேட்டதும் பாலு துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். வேர்வை ஒன்றும் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாதபோது அவன் கை தானாகத் துண்டுக்குப் போகும்.

லாய்டின் ஸ்டூடியோ சாந்தோமில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வாசலில் நின்றுதான் பேச வேண்டும். சுவர் முழுக்க வெள்ளை உடுப்பில், கையில் மெழுகுவர்த்தியோடு, மாதாகோயிலில் புதுநன்மை வாங்கிய பிள்ளைகளின் படங்கள். மலிவாக எடுப்பான், ஆனால் சுத்தமாக எடுப்பான் என்று சொல்லித்தான் பாலுவை அங்கே அனுப்பியிருந்தார்கள். அந்த மலிவும் பாலுவுக்கு எட்டவில்லை.

மகள் நிலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரபு, நங்கநல்லூரில் செல்போன் கடை வைத்திருப்பவன். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அவனுடைய அம்மாதான் நாளுக்கு ஒன்றாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். மண்டபம் மயிலாப்பூரில் இருந்தால்தான் எங்கள் மனிதர்கள் வருவார்கள். வரவேற்புக்கு மட்டன் பிரியாணி இல்லாமல் நன்றாக இருக்காது. ஆல்பம் சும்மா நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பாலு சரி என்றான். தி.நகர் ஜவுளிக் குடோன்களில் லாரியிலிருந்து பேல் எனும் துணி மூட்டைகளை இறக்குகிறவன் அவன். மேலே ஏற்றினால் தலையைக் கொடுத்துத்தான் பழக்கம்.

"கொஞ்சம் பாத்து சொல்லு நைனா" என்றான் பாலு.

"அங்கிள், கேமரா பிடிக்கிறதுக்கு நான் காசு வாங்கல. அப்புறம் ராவும் பகலும் உக்காந்து ஒவ்வொரு மூஞ்சியா சரி பண்றேன் பாருங்க, அதுக்குத்தான் காசு. உங்க பக்கம் கூட்டம் ஜாஸ்தின்னு நீங்களே சொல்றீங்க. மேடையில ஏறி நிக்கிற அத்தனை பேரையும் எடுத்தா யார் உக்காந்து தொடைக்கிறது?"

"அப்ப கொறச்சி எடு."

"எடுக்கலாம். ஏறி வந்து நிக்கிறவங்கள எப்படி இறக்கி விடுவீங்க?"

பாலு மறுபடி கழுத்தைத் துடைத்துக்கொண்டான். லாய்ட் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கேமராவைக் கையில் எடுத்து, அதன் தலையில் உட்கார்ந்திருந்த ஃபிளாஷின் முதுகுப் பக்கம் விரலை வைத்தான். பளிச்சென்று வெளிச்சம் பாலுவின் கண்ணில் அடித்தது.

"இப்ப உங்களை எடுத்தேனா?"

"எடுத்த."

"எடுக்கல." கேமராவின் திரையைத் திருப்பிக் காட்டினான். புதுநன்மைப் பிள்ளை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. பாலு அதில் இல்லை. "ஃபிளாஷுக்குத் தனிப் பட்டன் இருக்கு. ஃபிலிம் ரோல் போட்ட காலத்துல எங்கப்பா இதைச் செய்வாரு. இப்பவும் சில பேரு கேக்கறாங்க. வேண்டியவங்களுக்குப் படம். மத்தவங்களுக்கு வெறும் வெளிச்சம். நின்னவங்களுக்கும் திருப்தி, உங்களுக்கும் பாதியா முடிஞ்சிடும். ஆனா யாரு வேண்டியவங்கன்னு எனக்குத் தெரியாது. அத நீங்க பக்கத்துல நின்னு காட்டணும்."

"எப்டி காட்றது?"

"ஏதாவது ஒரு சைகை."

பாலு யோசிக்கவே இல்லை. வாய் திறப்பதற்கு முன்னால் கை செய்துவிட்டது. வலது தோளில் கிடந்த துண்டை எடுத்து இடது தோளில் போட்டான்.

"இப்டி மாத்திப் போட்டா வெளிச்சம் மட்டும்" என்றான்.

ஒரு தடவை கை பழகிவிட்டால் அடுத்தது சுலபம். ராயப்பேட்டையில் யாசிர் பாயிடம் போனான். மூன்று தேக்சா பிரியாணி பேசினான். இரண்டில் கறி. மூன்றாவது கறியில்லாத வெறும் குஸ்கா. சால்னாவை மட்டும் தாராளமாக ஊற்றிவிட வேண்டும்.

"குஸ்கா யாருக்கு?" என்றார் பாய்.

"லேட்டா வர்றவங்களுக்கு."

"யாரு லேட்டா வருவாங்கன்னு உனக்கு இப்பவே எப்டிப்பா தெரியும்?"

பாலு கழுத்தைத் துடைத்துக்கொண்டான். பாய் அதற்கு மேல் கேட்கவில்லை. கல்யாணச் சமையல் செய்கிறவர் இதையெல்லாம் பார்த்திருப்பார்.

அவனுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் லேட்டாக வரவைப்பதே அவன்தான். அவனுடைய ஆட்கள் முக்கால்வாசிப் பேர் கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் குடிசை போட்டிருந்தவர்கள். பெருவெள்ளத்துக்குப் பிறகு அவர்களையும் பாலுவையும் சேர்த்து வாரி, சோழிங்கநல்லூர் தாண்டி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அங்கிருந்து மயிலாப்பூருக்குக் கல்யாண வேன் விட்டால்தான் வர முடியும். வேன்காரனிடம் பாலு சொன்னான்: "அஞ்சு மணிக்கு வாணாம். ஏழுக்கு எடு. சீக்கிரம் வந்தா உக்கார எடம் இருக்காது."

அவன் பெண்சாதி தேவானை மட்டும் ஒரு தடவை கேட்டாள். "நம்ப ஜனம் குஸ்கா துன்னுட்டு இன்னா பேசும்?"

"நம்ப ஜனம்தானே" என்றான் பாலு. "இன்னா நெனச்சிக்கப் போது?"

*

வரவேற்பன்று பாலு பட்டு வேட்டி கட்டி, ஜரிகைத் துண்டை வலது தோளில் போட்டுக்கொண்டு மேடையின் ஓரத்தில் நின்றான். முதலில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஏறினார்கள், நின்றார்கள், லாய்ட் எடுத்தான். அவர்கள் இறங்கி முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். கீழே பிரியாணி வாசனையும், எலும்பு உறிஞ்சும் சத்தமும், "இங்க இன்னும் ரெண்டு பீஸ்" என்ற குரலும் கேட்டன. சம்பந்தியம்மா வந்து, "நல்லா செஞ்சிட்டீங்க" என்றாள். அதைக் கேட்கத்தான் பாலு இத்தனையும் செய்தது. கேட்டபோது நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது.

எட்டு மணி வாக்கில் வேன்கள் வந்தன. மண்டபமே சத்தமாகிவிட்டது. தலை நிறையப் பூவும், கன்னத்தில் பவுடரும், இடுப்பில் பிள்ளையுமாக ஜனம் மேடைக்கு வரிசை கட்டியது. பாலு துண்டை இடது தோளுக்கு மாற்றினான். லாய்டின் விரல் கேமராவின் முன்னாலிருந்து பின்னால் போனது. வெளிச்சம் அடித்தது. ஜனம் சிரித்தது. பிள்ளைகளைத் தூக்கிக் காட்டியது. "இன்னொரு வாட்டி எடு நைனா, இவன் திரும்பிக்கினான்" என்றாள் ஒருத்தி. லாய்ட் இன்னொரு தடவை வெளிச்சம் அடித்தான். ஒவ்வொருவரும் இறங்கும்போது மொய்க் கவரை நிலாவின் கையில் வைத்து, அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்துவிட்டுப் போனார்கள்.

யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

நடுவில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு வாத்தியாரம்மா தாமதமாக வந்தாள். சம்பந்தியம்மா அவளை வரிசைக்கு நடுவில் நுழைத்து மேலே ஏற்றினாள். பாலு துண்டை வலதுக்குக் கொண்டுவந்தான். வாத்தியாரம்மாவுக்குப் பின்னால் நின்றது மண்ணாங்கட்டியும் அவன் பெண்சாதி கன்னியம்மாவும்.

மண்ணாங்கட்டிக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதையாவது எமன் சீண்டாமல் இருக்கட்டும் என்று வைத்த பேர். பாலுவும் அவனும் குடோனில் ஜோடி. பேலை ஒருத்தனாகத் தூக்க முடியாது. ஒரு பக்கம் இவன் பிடித்தால் மறுபக்கம் அவன். இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான். அன்றைக்கு அவன் புதுச் சட்டை போட்டிருந்தான். டப்பாவிலிருந்து எடுத்த மடிப்புகூடக் கலையவில்லை. கழுத்துப் பட்டை விறைத்துக்கொண்டு தாடையை இடித்தது.

"சட்டைய பாத்தியாண்ணே?" என்றாள் கன்னியம்மா. "போட்டோக்காகவே எடுத்தது. எங்க கல்யாண போட்டோ தண்ணில போச்சே, அத்தோட சரி. ரெண்டு பேரும் ஜோடியா நிக்கற படம் ஒண்ணு கூட இல்ல. ஆதார் கார்டுல திருடன் மாதிரி கீறாரு. இன்னிக்காவது நேரா நில்லுன்னு வழி முச்சூடும் சொல்லிகினே வந்தேன்."

"நான் நிக்கறேன். நீ வாய மூடு, பல்லு தெரியும்" என்றான் மண்ணாங்கட்டி.

அவர்கள் ஏறினார்கள். பாலு நினைத்தான், இவர்களுக்கு மட்டும் விட்டுவிடலாம் என்று. பின்னால் பார்த்தான். குடோனில் உடன் வேலை செய்யும் நதீமும் மற்ற ஆட்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தனுக்கு விட்டால் எத்தனை பேருக்கு விடுவது? லாய்டோ பாலுவின் தோளைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தான்.

பாலு துண்டை எடுத்து இடது தோளில் போட்டான்.

போட்ட பிறகுதான் மண்ணாங்கட்டியின் கண் தன் தோளில் இருப்பதைப் பார்த்தான்.

குடோனில் லாரி வந்து நிற்கும்போது பேல் எல்லாம் ஒரே கனமாக இருக்காது. சிலது அரை பேல், உள்ளே காற்றுதான். சூப்பர்வைசர் வாசலில் நின்று பார்ப்பான். அது லேசு என்று தெரிந்தால் கூலியைப் பிடிப்பான். அதனால் முன்னால் போகிறவன் லாரியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, லேசாக இருந்தால் துண்டை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றுவான். பின்னால் வருகிறவனுக்குப் புரிந்துவிடும். இது காலி, சும்மா தம் கட்டு, கனம் தூக்குகிற மாதிரி முக்கு. பாலுவும் மண்ணாங்கட்டியும் இப்படி எத்தனை காலி பேலை முக்கி முக்கித் தூக்கியிருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கில்லை. லாய்டின் கடை வாசலில் பாலுவின் கை யோசிக்காமல் செய்தது அதைத்தான். முதலாளியை ஏமாற்ற ஆட்களெல்லாம் சேர்ந்து வைத்துக்கொண்ட சைகையை, அந்த ஆட்களை ஏமாற்ற எடுத்து வைத்துக்கொண்டான்.

மண்ணாங்கட்டியின் கண் பாலுவின் தோளிலிருந்து லாய்டின் விரலுக்குப் போனது. அங்கே ஒரு நொடி நின்றது. பிறகு அவன் நெஞ்சை நிமிர்த்தி, தாடையை இறுக்கி, மூச்சைப் பிடித்து விறைப்பாக நின்றான். வெளிச்சம் அடித்தது. அடித்து முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

"போதும் வா" என்று கன்னியம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

இறங்கும்போது பாலுவைக் கடந்துதான் போனான். பாலுவின் பட்டு வேட்டியைப் பார்த்து, "சூப்பரா கீற மச்சி" என்றான். கேலியா, இல்லையா என்று பாலுவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்கு மேல் அந்தத் துண்டு பாலுவின் தோளில் நிற்கவில்லை. நெருப்பு மாதிரி இருந்தது. எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். இடது தோளில் துண்டு இல்லை என்பதை லாய்ட் பார்த்தான். அடுத்து ஏறிய நதீம் குடும்பத்தைப் படம் எடுத்தான். அதற்கு அடுத்தவர்களையும் எடுத்தான். மிச்சம் இருந்த குடோன் ஆட்கள் எல்லோரையும் ஒருத்தர் விடாமல் எடுத்தான்.

கீழே கடைசிப் பந்தி நடந்தது. கன்னியம்மா இலையில் குஸ்காவைக் கிளறிக்கொண்டிருந்தாள். பரிமாறுகிறவன், "பீஸ் தீந்துபோச்சிம்மா, சால்னா ஊத்திக்க" என்றான். அந்தப் பக்கம் யாரோ முணுமுணுத்தார்கள். கன்னியம்மா அவர்களைப் பார்த்து, "கூட்டத்த பாத்தியா? அவரு இன்னா பண்ணுவாரு பாவம். நம்ப லேட்டா வந்துகினு பீஸ் கேட்டா?" என்றாள். பின்னால் நின்ற பாலு அதைக் கேட்டான். கேட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வேறு பந்திக்குப் போனான்.

*

கல்யாணம் முடிந்து மறுநாளே வேலைக்குப் போனான். மண்ணாங்கட்டி எப்போதும் போல் வந்தான். எப்போதும் போல் பேலின் மறுபக்கத்தைப் பிடித்தான். டீ குடித்தான். போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பாலுவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தெரியுமா, தெரியாதா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்ததில் ஒருநாள் பேலின் முனையைக் கால் மேல் போட்டுக்கொண்டான்.

"எங்க மச்சி கீது உன் கண்ணு? மாப்ள வூட்டுலயா?" என்றான் மண்ணாங்கட்டி. அவ்வளவுதான்.

கேட்டவள் கன்னியம்மா. அடையாற்றில் வீட்டு வேலைக்குப் போகிற அவளும் பாலுவும் காலையில் ஒரே பஸ் பிடிப்பவர்கள். "ஆல்பம் வந்துச்சாண்ணே?" இன்னும் இல்லை. "வந்தா மொதல்ல சொல்லு. எங்க படத்த கடையில குடுத்து பெருசா போடணும். சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிச்சி வெச்சிட்டேன்."

ஆணி அடித்துவிட்டாள் என்று கேட்ட அன்றைக்குப் பாலு பாதி வேலையில் கிளம்பி சாந்தோமுக்குப் போனான்.

"அந்த ஜோடி" என்றான் லாய்டிடம். "புதுச் சட்டை. வாத்தியாரம்மாவுக்கு அடுத்தாப்புல. எதுலயாச்சும் இருப்பாங்களா பாரு நைனா."

லாய்ட் கம்ப்யூட்டரில் தள்ளிக்கொண்டே போனான். வாத்தியாரம்மாவின் படத்தில் ஓரமாக ஒரு முழங்கை இருந்தது. மடிப்புக் கலையாத சட்டைக் கை. அவ்வளவுதான்.

"நீங்கதானே அங்கிள் மாத்திப் போட்டீங்க" என்றான் லாய்ட். குத்தலாகச் சொல்லவில்லை. பாலு திரையை விட்டுக் கண்ணை எடுக்காததைப் பார்த்து அவனே, "ரெண்டு பேரையும் ஒருநாள் இங்க கூட்டிட்டு வாங்க. நல்லா எடுத்துத் தரேன். காசு வேண்டாம்" என்றான்.

எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். அதைச் சொல்லித்தானே கூட்டிவர வேண்டும். பாலு சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான். கூட்டிப்போகவில்லை.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரபு, நிலா, சம்பந்தியம்மா மூன்று பேரும் காரில் வந்து இறங்கினார்கள். சம்பந்தியம்மா அந்தக் குடியிருப்புக்கு வருவது அதுதான் முதல் தடவை. ஐந்தாவது மாடிக்கு ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "காத்து நல்லா வருது" என்றாள். தேவானை அவளுக்கு இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

ஆல்பம் வந்துவிட்டது என்ற சேதி அதற்குள் மாடிக்கு மாடி போய்விட்டது. ஒற்றை அறைக்குள் ஆள் நுழைய இடமில்லாமல் நின்றார்கள். நதீம் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். கன்னியம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் பின்னால் மண்ணாங்கட்டி, வரப் பிடிக்காதவன் மாதிரி, வாசற்படியிலேயே நின்றான்.

ஆல்பத்தில் மாப்பிள்ளை வீட்டாரே அதிகம். "இதுல எல்லாரும் வர மாட்டாங்க. மீதி எல்லாம் பென் டிரைவ்ல இருக்கு" என்று பிரபு டிவியில் செருகினான். படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. நதீம் வந்தான். அறையே கத்தியது. "இன்னாடா இது, நீதான் மாப்ள மாதிரி நிக்கற" என்று யாரோ அவன் முதுகில் அடித்தார்கள். குடோன் ஆட்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். வேனில் முதலில் வந்து இறங்கியவர்கள் யாரும் திரையில் வரவில்லை. அவர்களில் அறைக்கு வந்திருந்தது ஒன்றிரண்டு பேர்தான். வந்தவர்களும், அடுத்ததில் வருவோம் போலிருக்கிறது என்று பேசாமல் இருந்தார்கள்.

படம் முடிந்து முதல் படத்துக்கே திரும்பிவிட்டது.

"தம்பி, இன்னொரு வாட்டி போடுப்பா" என்றாள் கன்னியம்மா. "நடுவுல நான் பேசிகினு இருந்துட்டேன்."

பிரபு மறுபடியும் போட்டான். இந்தத் தடவை அவள் யாரோடும் பேசவில்லை. டிவிக்கு நேராகப் போய் நின்றுகொண்டாள். வாத்தியாரம்மா வந்து போனாள். நதீம் வந்து போனான். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

"எல்லாரும் கீறாங்க" என்றாள். "வாத்தியாரம்மா கீது. அவுங்களுக்கு அடுத்து நாங்கதான். எங்களுக்கு அடுத்து நதீம். நதீம் கீறான். எங்களது எங்கண்ணே?"

அறையில் இருந்த எல்லோரும் பாலுவைப் பார்த்தார்கள். சம்பந்தியம்மாவும் பார்த்தாள். நிலா பார்த்தாள். ஏதோ சொல்லவேண்டும் என்று பாலு வாயைத் திறந்தான்.

"நான்தான் வாணாம்னேன்" என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

கன்னியம்மா திரும்பினாள்.

"கண்ண மூடிகினு கீறேன் அதுல" என்றான் மண்ணாங்கட்டி. "பொணத்த நிக்கவெச்ச மாதிரி. அந்தப் பையன் அன்னிக்கே காமிச்சான். அழிச்சுடுன்னு சொல்லிட்டேன்."

"யார கேட்டு சொன்ன?"

"என் மூஞ்சிக்கு யார கேக்கணும்?"

"உன் மூஞ்சி மட்டுமாய்யா அதுல இருந்துச்சி? நான் இல்ல? மூடிகினு இருந்தா இன்னா, நான் தொறந்துகினுதானே இருந்தேன்? அந்தச் சட்டைக்கு எத்தினி கடை ஏறி எறங்கினேன். ஆணி அடிச்சி வெச்சிகீறேன், தெனிக்கும் பாத்துகினுதானே போற, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னியா? உன்ன மாதிரி ஆளோட ஜோடியா நிக்கணும்னு ஆசைப்பட்டேன் பாரு, என்ன சொல்லணும்."

அவள் அழவில்லை. குரல் மட்டும் ஒரு மாதிரி உடைந்தது. மண்ணாங்கட்டி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு நின்றான். சம்பந்தியம்மா சிரித்து, "விடும்மா, ஆம்பளைங்களே இப்படித்தான். இவங்கப்பாவும் எதையும் கேட்டுச் செய்ய மாட்டாரு" என்றாள். அறையும் சேர்ந்து சிரித்தது. பாலுவும் சிரித்தான். தன் முகம் சிரிப்பது அவனுக்கே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

அப்போது அவனுக்குச் சந்தேகம் போய்விட்டது. மேடையில் நின்ற அந்த நொடியிலேயே மண்ணாங்கட்டிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அத்தனை நாளும் மறுபக்கத்தைப் பிடித்து நடந்திருக்கிறான்.

கன்னியம்மா டிவியை விட்டு விலகி, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். மண்ணாங்கட்டி அவள் பின்னால் போனான். "ஐஸ்கிரீம் வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பாலுவும் வெளியே வந்தான்.

மாடிப்படித் திருப்பத்தில் அவர்களைப் பிடித்தான். கன்னியம்மா இன்னமும் திட்டிக்கொண்டேதான் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி" என்றான்.

"நீ ஒண்ணும் சொல்லாதண்ணே. இந்த ஆளுக்கு வக்காலத்து வாங்காத."

"அவன் சொல்லல. அழிக்கவே இல்ல. போட்டோவே எடுக்கல."

மண்ணாங்கட்டி, "டேய்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். பாலு நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப வாய் வராது என்று அவனுக்குத் தெரியும். லாய்ட் சொன்னது, தனிப் பட்டன், வெறும் வெளிச்சம், துண்டு எல்லாவற்றையும் சொன்னான். துட்டு பத்தவில்லை என்றும் சொன்னான். அதைச் சொல்லும்போது தன் குரலே தனக்கு அசிங்கமாகக் கேட்டது.

கன்னியம்மா படியில் ஒரு கால், திருப்பத்தில் ஒரு காலாக நின்று கேட்டாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று பாலு எதிர்பார்த்தான். வரவில்லை. கூட்டல் கணக்குப் போடுகிறவள் மாதிரி கண்ணைச் சுருக்கினாள்.

"அப்ப அந்த குஸ்கா?" என்றாள்.

பாலு கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பீஸ் தீந்துபோச்சின்னானே."

பாலு சுவரைப் பார்த்தான்.

"வேன் லேட்டா வந்துச்சே, அதுவும்?"

அவன் தலை தானாக ஆடியது.

"நான் சொன்னேனே" என்றாள் கன்னியம்மா. "பந்தில உக்காந்துகினு, பக்கத்துல ஒருத்தி கேட்டா, மத்தவளுங்க கேட்டாளுங்க, எல்லார் கைலயும் நான்தானே சொன்னேன். பாவம், நம்ப லேட்டா வந்தோம், அவரு இன்னா பண்ணுவாருன்னு. வாயார நான்தானே சொன்னேன்." அவள் பாலுவைப் பார்த்துச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொள்கிறவள் மாதிரி சொன்னாள். அண்ணே என்று கூப்பிடவில்லை. திரும்பி இறங்க ஆரம்பித்தாள்.

மண்ணாங்கட்டி போகாமல் நின்றான்.

"இத்த ஏன்டா சொன்ன?"

"மனசு கேக்கல மச்சி."

"உன் மனசு கேக்கல. அதுக்கு அவ மேல எறக்கிட்ட. நான்தான் திட்டு வாங்கிகினு மூடிட்டேன் இல்ல? ரெண்டு நாள் கத்திட்டு மறந்திருப்பா. எம் புருசன் மூஞ்சி சரியில்லன்னு ஊர் பூரா சொல்லி சிரிச்சிருப்பா. இப்ப இன்னா சொல்லுவா?"

"நீ ஏன் அன்னிக்கே என்னைக் கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது?" என்றான் மண்ணாங்கட்டி. "எனக்கு ஒரு போட்டோ எடுடான்னு பிச்சை கேக்கணுமா உன்கிட்ட?"

பாலு அவன் தோளைத் தொட வந்தான். மண்ணாங்கட்டி ஒரு படி கீழே இறங்கிக்கொண்டான். அப்படியே இறங்கிப் போனான்.

கீழ் மாடியில் யாரோ ஒரு பெண் கன்னியம்மாவைக் கேட்டாள். "இன்னாக்கா, போட்டோ பாத்தியா? எங்கள்து நல்லா வந்திருக்குதா? சோறு வடிச்சிட்டு வரலாம்னு இருந்தேன்."

"சோத்த வடி" என்றது கன்னியம்மாவின் குரல். "போவாத. நீ அதுல இல்ல."

"ஏன்க்கா?"

அதற்குப் பிறகு குரல் தணிந்துவிட்டது. பாலுவுக்கு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அது நிற்கவும் இல்லை. அடுத்த மாடியில் கதவு ஒன்று திறந்தது. அதற்கும் கீழே ஒன்று திறந்தது.

மேலிருந்து தேவானை கூப்பிட்டாள். "எங்க போன? மாப்ள கெளம்பறாரு. ஐஸ்கிரீம்லாம் வாணாமாம்."

பாலு மேலே ஏறினான். சம்பந்தியம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தவர்களைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விடாமல் இருக்க முடியாது. பிரபு ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். அவன் பின்னால் நிலா. அதற்கும் பின்னால் பாலு சம்பந்தியம்மாவுக்குப் படியைக் காட்டிக்கொண்டு இறங்கினான்.

நாலாவது மாடியில் வாசலுக்கு வாசல் ஆள் நின்றது. மூன்றாவது மாடியிலும் நின்றது. கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றவள் இருந்தாள்; பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்த சீப்போடு நின்றவள் இருந்தாள். "வா நைனா" என்று மாப்பிள்ளையை யாரும் கூப்பிடவில்லை. நிலாவைப் பார்த்துக்கூட எவளும் சிரிக்கவில்லை. பாலு தலையைத் தூக்காமல் படியை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கினான்.

"ஏன் எல்லாரும் வெளிய வந்து நிக்கிறாங்க?" என்று சம்பந்தியம்மா மெதுவாகக் கேட்டாள்.

"உங்களப் பாக்கத்தான்" என்றான் பாலு.

சம்பந்தியம்மா முந்தானையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒவ்வொரு வாசலையும் பார்த்து, சிரித்து, தலையாட்டிக்கொண்டே கீழே இறங்கினாள்.